வீட்டில் ஒரு ஜீவன்: பிளாஸ்டிக் டப்பாவில் ஆமை, பல்லி, பாம்பு... நெல்லை வெயிலுக்கு ஹீட்டர் தேவையா?

மீன் தொட்டி விற்கும் கடைக்குப் போனால், வண்ண மீன்களுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஆமைக்குட்டிகள் நீந்திக்கொண்டிருக்கும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. பெயர் ரெட் இயர்ட் ஸ்லைடர். பிள்ளை அழுதால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும். அப்புறம் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பிப்பார்கள். அதில் ஒருவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "இதற்கு ஹீட்டர் கட்டாயம்" என்பார். மறுநாள் ஹீட்டரும் வந்துவிடும். வீட்டிலிருக்கும் ஆச்சிதான் கேட்பார்: "ஏலே, மனுசனே வெயில்ல வெந்துபோய்க் கெடக்கான். ஆமைக்கு எதுக்குல ஹீட்டரு?"

ஆச்சியின் கேள்வி பாதிக்கு மேல் சரி. மீதியைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

அந்த வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே வீட்டுக்குள் இருக்கும் வெப்பம் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ்தான். அந்த அறையில் ஒரு ஹீட்டர் டப்பாவின் வெப்பத்தை 12 டிகிரி உயர்த்தினால் உள்ளே 32 வரும். பல ஊர்வனவற்றுக்கு அது சுகமான சூடு. அதே ஹீட்டரைப் பாளையங்கோட்டையில் ஒரு மொட்டை மாடி அறையில், மே மாத மதியத்தில் போட்டுப் பாருங்கள். அறையே 36-ல் இருக்கும். 12-ஐக் கூட்டினால் 48. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் 48 டிகிரி என்றால், உள்ளே இருக்கும் ஜீவன் அன்று மாலையைப் பார்க்காது. ஹீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. அறையின் வெப்பத்தோடு அது எத்தனை டிகிரியைக் கூட்டும் என்ற கணக்கைத்தான் யாரும் போடவில்லை.

எனவே நம் ஊரில் முதலில் வாங்க வேண்டியது தெர்மாமீட்டர். வயர் நுனியில் சென்சார் உள்ள சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர்கள் மீன் தொட்டிக் கடைகளிலேயே கிடைக்கும். டப்பாவின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று வைத்து, அதிகாலை, மதியம், இரவு என ஒரு வாரம் குறித்து வையுங்கள். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்ட நெற்றித் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது மனித உடல் சூட்டைக் காட்டுவதற்காகவே கணக்கிடப்பட்டது. டப்பாவின் சூட்டைத் தப்பாகச் சொல்லும்.

குறித்துப் பார்த்தால் பல வீடுகளில் ஓர் உண்மை தெரியும். சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி நாட்களுக்கு ஹீட்டரே வேண்டியிருக்காது. மார்கழி, தை மாத அதிகாலைகளிலும், தொடர்ந்து மழை பிடித்துக்கொள்ளும் ஐப்பசி, கார்த்திகை நாட்களிலும்தான் கொஞ்சம் தேவைப்படலாம். அம்பாசமுத்திரம், பாபநாசம், களக்காடு என மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் சில நாட்கள் கூடும்.

வெப்பம் அதற்குச் சாப்பாடு மாதிரி

நாம் சாப்பிட்டதை எரித்து உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிறோம். ஊர்வன அப்படிச் செய்வதில்லை. சூட்டை வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். சூடு போதாவிட்டால் தின்றது செரிக்காது. நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். சூடு கூடினால் வியர்த்துத் தணிக்க வழியில்லை. நிழலுக்கு ஓட வேண்டும். ஓடுவதற்கு இடமில்லாத டப்பாவில் என்ன செய்யும்?

வெப்பம் இந்த உயிர்களுக்குள் எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் 1976-ல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையின் சதுப்புநில முதலை முட்டைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். 1989-ல் வெளியான அந்த ஆய்வின்படி, 28 முதல் 31 டிகிரி வரை அடைகாத்த முட்டைகளில் வந்தவை எல்லாம் பெண். 32.5 டிகிரியில் வந்தவை எல்லாம் ஆண். ஒன்றரை டிகிரியில் ஆணா பெண்ணா என்பதே மாறிவிடுகிறது. வளர்ந்த பிராணிக்கு அவ்வளவு நுட்பம் தேவையில்லைதான். ஆனால் "கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடாத்தான் இருந்துச்சு" என்ற கணக்கு எடுபடாது.

அதனால்தான் டப்பா முழுவதையும் ஒரே சூட்டில் வைக்கக் கூடாது. ஒரு முனை வெதுவெதுப்பு, மறுமுனை குளுமை. நடுவில் அது தானாக நகர்ந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இதற்கு டப்பா நீளமாக இருக்க வேண்டும். பிரியாணி பார்சல் டப்பா சைஸில் இது நடக்காது. லெப்பர்ட் கெக்கோ பல்லிக்குச் சூடான பக்கம் ஏறத்தாழ 32, குளிர்ந்த பக்கம் 25. பால் பைத்தான் பாம்புக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். (பால் குடிக்கும் பாம்பு என்று நினைத்துவிட வேண்டாம். பயந்தால் பந்து போல் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது.) ஸ்லைடர் ஆமைக்குத் தண்ணீர் 24 முதல் 27 வரை, ஏறி உட்காரும் கல் 32-ஐ ஒட்டி. இந்த எண்களையும் நம் ஊர் அறை வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சூடான முனை நமக்குச் சும்மாவே கிடைத்துவிடுகிறது. குளிர்ந்த முனைக்குத்தான் நாம் உழைக்க வேண்டும்.

அதற்கு நம் வீட்டிலேயே பொருள் உண்டு. உடைந்த மண்பானையின் பாதியைக் குளிர்ந்த முனையில் கவிழ்த்து வைத்து, அவ்வப்போது தண்ணீர் தெளித்துவிட்டால் உள்ளே குளுமையாக இருக்கும். ஒளிய இடமும் ஆயிற்று. மதியம் மிக மோசமாக இருந்தால், ஐஸ் கட்டியாக உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அந்த முனையின் மூடிமேல் வைக்கலாம். ஃபேனை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. நமக்கு வியர்ப்பதால்தான் ஃபேன் காற்று குளிர்கிறது, அதற்கு வியர்ப்பதில்லை.

வாங்குவதற்கு முன் சட்டம்

நட்சத்திர ஆமை, நம் குளத்து ஆமைகள், உடும்பு, மலைப்பாம்பு, எந்த நாட்டுப் பாம்பும் வீட்டில் வளர்க்கக் கூடாது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் அது குற்றம். சிறைக்குப் போக நேரும். "அதிர்ஷ்டம் வரும்" என்று நட்சத்திர ஆமையைத் தலையில் கட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அதிர்ஷ்டத்தோடு ஆளும் காணாமல் போவார். பால் பைத்தான், பச்சை இகுவானா போன்ற வெளிநாட்டு இனங்களுக்கு வேறு விதி. சர்வதேச வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இவற்றை வைத்திருப்பவர்கள், 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும்.

ரசீதும் ஆவணமும் இல்லாமல் விற்கப்படும் பாம்பு எங்கிருந்து வந்திருக்கும்? 2023 ஜூலை இறுதியில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புக் குட்டிகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. துளையிட்ட சிறு பெட்டிகளில் அடைத்திருந்தார்கள். இப்படி வந்து தப்பிப்பவைதான் யாரோ ஒருவர் வீட்டு பிளாஸ்டிக் டப்பாவில் போய்ச் சேர்கின்றன.

எந்த பிளாஸ்டிக், எந்தச் சூடு?

டப்பாவைக் கவிழ்த்தால் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். ஊர்வன வளர்க்க இதுதான் தேவலை. கொதிநீர் சூட்டுக்கு அருகில் வரை தாங்கும். 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை. அதில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி மடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 6 என்றால் தெர்மாகோல் குடும்பம். இளகவும் செய்யும், தீயும் எளிதில் பிடிக்கும். கண்ணாடி போலத் தெரியும் அக்ரிலிக் பெட்டியும் 100 டிகிரிக்கு முன்பே இளக ஆரம்பித்துவிடும்.

"நம் டப்பாவுக்குள் 32 டிகிரிதானே, பிறகென்ன?" என்று தோன்றலாம். உள்ளே காற்று 32. ஆனால் பல்பின் மேற்பரப்பு 32 இல்லை. பழைய குண்டு பல்பின் கண்ணாடியே 100 டிகிரியைத் தாண்டும். ஊர்வனவற்றுக்கென்று விற்கும் வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டரின் முகம் 200-ஐத் தாண்டிவிடும். அது பிளாஸ்டிக் மூடியில் தொட்டாலோ, கிளிப் நழுவி உள்ளே விழுந்தாலோ, முதலில் பிளாஸ்டிக் உருகும். அடியில் தேங்காய் நார் பரப்பியிருந்தால் அடுத்தது நெருப்பு. அது டப்பாவோடு நிற்காது. அதே அறையில் பிள்ளைகள் தூங்குவார்கள். ஆகவே மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மேலிருந்து பல்பு வேண்டவே வேண்டாம். பல்பு தேவைப்படும் இனம் என்றால் கண்ணாடித் தொட்டி, மேலே இரும்பு வலை, பீங்கான் ஹோல்டர், ஸ்க்ரூ போட்டு இறுக்கிய தாங்கி, பிராணி தொட முடியாதபடி கம்பிக் கூண்டு என்று போய்விடுவதே நல்லது.

பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பொருந்துவது ஹீட் மேட் எனப்படும் மெல்லிய சூட்டுப் பாய். அதையும் டப்பாவின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், வெளிப்பக்கமாக வைக்க வேண்டும். டப்பா நேராக மேட்டின் மேல் அழுந்தி உட்கார்ந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கும். நான்கு மூலையிலும் சின்னக் கட்டைகள் வைத்துக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். உள்ளே மண்ணோ நாரோ தடிமனாகக் கொட்டக் கூடாது. மேலே 30 காட்டும். அடியில் 45 இருக்கும். தோண்டிக்கொண்டு போகிற பல்லி அங்கே போய்ப் படுக்கும். தொட்டால் சுடும் என்று உடனே விலகும் புத்தி நமக்கு. ஊர்வனவற்றில் பல, வயிறு வெந்து புண்ணாகும் வரை அதே இடத்தில் கிடக்கும். 'ஹீட் ராக்' என்று விற்கிற சூட்டுக் கல்லை வாங்காமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

கோழிக்குஞ்சுப் பெட்டியின் பாடம்

தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரும் போடக் கூடாது. தெர்மோஸ்டாட் என்றதும் வெளிநாட்டுப் பொருள், ஆயிரக்கணக்கில் செலவு என்று பயப்பட வேண்டாம். நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் தெர்மாகோல் பெட்டியில் பல்பு போட்டு வீட்டிலேயே இன்குபேட்டர் செய்கிறார்கள். 37.5 டிகிரியில் 21 நாள் நிறுத்திக் குஞ்சு பொரிக்க வைக்க, அதில் ஒரு சிறிய டிஜிட்டல் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். அதே கருவிதான் இங்கேயும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் "இன்குபேட்டர் கன்ட்ரோலர்" என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். இணைப்பை எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, திறந்த கம்பி எதுவும் தெரியாதபடி பெட்டிக்குள் அடைத்து வாங்குங்கள்.

கோழிக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயமும் உண்டு. சென்சார் கழன்று பெட்டிக்கு வெளியே விழுந்துவிட்டால் என்ன ஆகும்? அது அறைக் காற்றை அளந்து, "இன்னும் சூடு போதவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஹீட்டர் அணையாமல் எரியும். காலையில் திறந்தால் முட்டை அவிந்திருக்கும். டப்பாவிலும் அதே கதைதான். டேப் மட்டும் ஒட்டினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு வாரத்தில் பசை விட்டுவிடும். சென்சாரை மேட்டுக்கும் டப்பா அடிக்கும் நடுவில் நகராதபடி பொருத்த வேண்டும். வயரையும் தனியே கட்டிவிட வேண்டும். பிராணி புரட்டிப் போடவும் கூடாது. அதன் தண்ணீர்க் கிண்ணத்தில் சென்சார் விழவும் கூடாது.

அதைவிட நல்ல பாதுகாப்பு ஒன்று உண்டு: கருவி பழுதாகி ஹீட்டர் இரவு முழுக்க எரிந்தாலும் கொல்ல முடியாத அளவுக்குச் சிறிய ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பது. அதைச் சோதித்துப் பார்ப்பதும் சுலபம். பிராணியை உள்ளே விடாமல், காலி டப்பாவில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ஹீட்டரை மட்டும் நேராக ஒரு பகலும் இரவும் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது. சூடான முனை அறை வெப்பத்தைவிட எத்தனை டிகிரி கூடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதை உங்கள் வீட்டின் மிகக் கொடுமையான மதிய வெப்பத்தோடு கூட்டுங்கள். விடை 40-ஐத் தாண்டினால் அந்த ஹீட்டர் உங்கள் வீட்டுக்கு ஆகாது, திருப்பிக் கொடுங்கள். பங்குனி பிறந்ததும் ஹீட்டரை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கிப் பரணில் வைத்துவிடுங்கள்.

ஆமை டப்பும் மொட்டை மாடியும்

ஆமைக்குத் தண்ணீருக்குள் போடும் கண்ணாடிக் குழாய் ஹீட்டரை விற்பார்கள். வீட்டுக்குள் வைத்த டப்பில் தண்ணீர் பெரும்பாலும் 26-க்குக் குறைவதில்லை. அதனால் அது தேவைப்படும் நாட்கள் குறைவு. போட்டாலும் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றிக் குழாய் வெளியே தெரிந்தால், அது கொதித்து விரிசல் விடும்; பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் உருக்கும். வளர்ந்த ஆமை ஓட்டால் இடித்தே அதை உடைத்துவிடும். தண்ணீருக்குள் மின்சாரம் இறங்கினால் கையை விடுகிற பிள்ளையின் கதி என்ன? வீட்டில் ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு மின்சாரத் தடுப்பு சுவிட்ச் இல்லையென்றால் தண்ணீர் ஹீட்டரை யோசிக்கவே வேண்டாம். தண்ணீர் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிய பிறகே கையை விடுங்கள். வயர் டப்பிலிருந்து நேராகப் பிளக்குக்கு ஏறாமல், நடுவில் தொங்கித் தாழ்ந்து பிறகு ஏற வேண்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

ஆமைகள் சாவதற்கு ஹீட்டரைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கிறது. "வெயில் காட்டுறேன்" என்று டப்போடு மொட்டை மாடியில் வைத்துவிட்டு மறந்துபோவது. அரையடித் தண்ணீர் கொண்ட பிளாஸ்டிக் டப், சித்திரை வெயிலில் எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்பது மாடியில் துணி காயப்போடும் யாருக்கும் தெரியும். ஆமைக்கு வெயில் தேவைதான். ஓடு கெட்டிப்பட வேண்டிய புற ஊதாக் கதிர் கண்ணாடி வழியாகவும் பிளாஸ்டிக் மூடி வழியாகவும் வராது. அதனால் காலை 8 மணிக்கு முன், மூடி இல்லாமல், பாதி டப்புக்கு நிழல் விழும்படி வைத்து, கால் மணி நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள். காக்கா தூக்கிக்கொண்டு போவதும் நடக்கும்.

ஆமையைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி ஆமைகளிடம் உண்டு. அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டது இதனால்தான். ஆமை டப்பைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

குளிர்ந்த முனையிலேயே ஒட்டிக்கிடப்பது, சுவரைச் சுரண்டி வெளியேறப் பார்ப்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது எல்லாம் சூடு கூடியதற்கு அறிகுறி. சாப்பிடாமல் கிடந்தால், மூக்கில் குமிழி வந்தால், ஆமை ஒருபக்கம் சாய்ந்து மிதந்தால் சூடு போதவில்லை அல்லது சளி பிடித்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். சூட்டில் துவண்டு கிடந்தால் நிழலுக்கு மாற்றி, தலை மூழ்காத அளவுக்குச் சாதாரணத் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது. சூடுபட்ட புண்ணில் மஞ்சள், எண்ணெய், பேனா மை எதுவும் பூசாமல் மருத்துவரிடம் போங்கள். நெல்லையில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதலில் விசாரிக்கலாம்.

கரண்ட் போனால்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நேரத்தில் தண்ணீர் உள்ளே வருவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கி, டப்பாவைத் தரையிலிருந்து உயரத்துக்கு ஏற்றுங்கள். மின்சாரமில்லாத இரண்டு, மூன்று நாட்களுக்குச் சூடு குறைந்தால் நம் ஊர்க் குளிரில் உயிர் போகாது. மூச்சுக் காற்றுக்கு ஒரு பக்கம் விட்டு, டப்பாவைக் கம்பளியால் சுற்றினால் போதும். மெழுகுவர்த்தியோ கரி அடுப்போ பக்கத்தில் வேண்டாம். முக்கியமாக, இரை போடாதீர்கள். சூடு இல்லாத வயிற்றில் இரை செரிக்காமல் அழுகும். கரண்ட் வந்து, ஒரு நாள் சூடு ஏறிய பிறகு கொடுங்கள்.

அந்த நாணய சைஸ் ஆமை சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். இருபது, முப்பது ஆண்டு வாழும். டப் போதாமல் போகும் ஒருநாள், "பாவம், ஆத்துலயே விட்டுருவோம்" என்று யாராவது சொல்வார்கள். சந்திப்பிள்ளையார் முக்குத் தாண்டினால் ஆறு பக்கம்தானே என்றும் தோன்றும். விடக் கூடாது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள் என்ற பட்டியலில் உள்ளது இது. நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். பக்கத்துக் கேரளத்தில், பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிலையம் இந்த ஆமைகளைக் குளங்களில் விட வேண்டாம் என்று பிரசாரம் செய்து, வளர்க்க முடியாதவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது. இங்கே வளர்க்க முடியாதவர்கள் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்கலாம், வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுக்கலாம், அல்லது மாவட்ட வன அலுவலகத்தில் கேட்கலாம். தாமிரபரணிக்குப் போகும் வழியில் டப்பைத் தூக்கிவிட்டீர்களென்றால், அப்படியே வீட்டுக்குத் திரும்புங்கள்.